எமன் எப்போது கீழே இறங்கினான்? (சொர்க்கம் மேலே, நரகம் கீழே: ஏன்?)

#1 | தாமிரவருணியான்

மதச்சண்டை போட வந்தவங்க இந்த இழையைத் தாண்டிப் போயிடுங்க. எனக்கு வேற சந்தேகம்.

வைகுண்ட ஏகாதசிக்குக் கண் விழிக்கணும்னு வீட்டுல பரமபதப் படத்தை விரிச்சாங்க. ஏணி கிடைச்சா மேல, உச்சியில வைகுண்டம். பாம்பு கடிச்சா கீழ. சின்னப் பிள்ளைக்குக்கூட யாரும் விளக்கம் சொல்லல. கோயில், சர்ச், பள்ளிவாசல் எங்க கேட்டாலும் இதே திசைதான். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காத ஜனங்க எல்லாம் எப்படி மேல கையைக் காட்டினாங்க? வானத்துல வெளிச்சம், மண்ணுக்குள்ள இருட்டு, அவ்வளவுதான்னு ஒரே வரியில முடிச்சுடாதீங்க. அது எனக்கும் தெரியும்.

#2 | கொங்கு மச்சான்

இதுல என்னங்க ஆராய்ச்சி? தெம்பா இருக்கறவன் நிக்கறான், சீக்காளி படுக்கறான், செத்தவனைக் குழிக்குள்ள வைக்கறோம். மழை, வெயில் ரெண்டும் மேல இருந்து வருது. கீழ இருந்து என்ன வருது? பாம்பும் தேளும். விஷயம் முடிஞ்சுதுங்க.

#3 | மலர்விழி

மச்சான் சொன்னதை ஆய்வுக்கூடத்துலயே சோதிச்சிருக்காங்க. 2004-ல மையர், ராபின்சன்னு ரெண்டு உளவியலாளர்கள் கணினித் திரையில நல்ல சொல், கெட்ட சொல்னு மாத்தி மாத்திக் காட்டி, எது எந்த வகைன்னு கேட்டாங்க. நல்ல சொல் திரையோட மேல்பக்கம் வந்தா பதில் சட்டுனு வந்துச்சு. கெட்ட சொல்லுக்குக் கீழ்ப்பக்கம். 2007-ல அதே ஆய்வாளர்கள் கடவுள், சாத்தான் சம்பந்தப்பட்ட சொற்களை வச்சுப் பார்த்தப்பவும் இதே போக்குதான்.

இதைவிட எனக்குப் பிடிச்சது காசசாண்டோன்னு இன்னொரு உளவியலாளர் 2009-ல வெளியிட்டது. நல்லது எந்தப் பக்கம்னு கேட்டா வலதுகைக்காரங்க பெரும்பாலும் வலப்பக்கத்தைக் காட்டுறாங்க, இடதுகைக்காரங்க இடப்பக்கத்தை. மேலயா கீழயான்னு கேட்டா மட்டும் ரெண்டு தரப்பும் ஒண்ணு சேர்ந்துடுது. கை ஆளுக்கு ஆள் மாறும், புவியீர்ப்பு எல்லாருக்கும் ஒண்ணுதானே.

ஆனா இதுல ஒரு ஓட்டை இருக்கு. சோதனைக்கு வந்தவங்கள்ல பெரும்பாலானவங்க அமெரிக்கக் கல்லூரிப் பிள்ளைங்க. 'சாமி மேல இருக்கார்'னு கேட்டே வளர்ந்தவங்க. கோழி முதல்லயா முட்டை முதல்லயான்னு இதை வச்சுச் சொல்ல முடியாது.

#4 | நூலகத்துப் பூனை

இழை தொடங்கினவர் கேள்வியிலயே ஒரு சிக்கல். எல்லாரும் மேலே கை காட்டலை. பழசைத் தோண்டினால் பெரும்பாலான இடத்தில் செத்தவர்கள் அத்தனை பேரும் கீழேதான் போகிறார்கள். நல்லவன், கெட்டவன் பாகுபாடே இல்லை.

மெசொப்பொத்தேமியாவைப் பாருங்கள். அவர்களுடைய கீழுலகம் 'திரும்பி வராத நாடு'. ஏழு வாசல், உள்ளே இருட்டு, எரெஷ்கிகல் என்ற அரசி. அங்கே இருப்பவர்களுக்குப் புழுதிதான் சாப்பாடு, களிமண்தான் ரொட்டி. அது தண்டனை இல்லை. செத்துப்போனால் அதுதான் நிலை, ராஜாவாக இருந்தாலும். எபிரேயர்களின் பழைய நூல்களில் வரும் ஷியோலும் அப்படியே. கிரேக்கக் கவி ஹோமரின் காவியத்தில் அக்கிலீஸ் போன்ற மாவீரனே ஹேடீஸ் என்ற கீழுலகில் நிழலாக அலைகிறான். செத்தவர்களுக்கெல்லாம் ராஜாவாக இருப்பதைவிட உயிரோடு ஒரு ஏழையிடம் கூலி வேலை செய்வது மேல் என்று புலம்புகிறான்.

அப்போது மேலே யார்? தேவர்கள் மட்டும். வானம் அவர்களுடைய வீடு, மனிதனுக்கு அங்கே இடமில்லை. ஆக முதலில் இருந்தது 'நல்லவன் மேலே, கெட்டவன் கீழே' என்பதல்ல. 'சாகாதவர் மேலே, செத்தவர் கீழே.' நியாயத் தீர்ப்பு பிற்பாடு வந்தது. வந்தபோது மாடி ஏற்கனவே கட்டியிருந்தது, அதில் ஆளைக் குடிவைத்தார்கள். அவ்வளவுதான் என் கட்சி.

#5 | நல்லூரான்

பூனையார் நல்லாச் சொல்லுறார். ஆனா எங்கட பக்கம் ஒருக்கா வாங்கோ. வள்ளுவர் 'தென்புலத்தார் தெய்வம் விருந்தொக்கல்' எண்டு செத்தவையைத் தெற்கிலதானே வைக்கிறார்? கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து, அதாவது வடக்க பாத்துப் பட்டினி கிடந்து, உயிர் விட்டவன். இண்டைக்கும் வடக்க தலை வைச்சுப் படுத்தா அம்மா ஏசுவா. அப்ப எங்களுக்குச் சாவு எண்டது மேலும் கீழுமே இல்லை, வடக்கும் தெற்கும். இந்த ஏணி எப்ப வந்து சேர்ந்தது?

#6 | கேஜிஎஃப் பேரன்

நல்லூரான் கேள்விக்குப் பூனை வரட்டும். அதுவரைக்கும் நரகம் ஏன் சூடுன்னு நான் ஒண்ணு சொல்றேன்.

எங்க தாத்தா வடஆற்காட்டுலருந்து கோலார் தங்கவயலுக்குப் போனவர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கு மேல ஆழம். கேஜுல இறங்குவாங்க. ஆழம் கூடக்கூட சூடு ஏறும், அடியில பாறையே 60 டிகிரியைத் தாண்டும். குளிர வச்ச காத்தை மேலருந்து அனுப்பினாதான் வேலை செய்யவே முடியும். திடீர்னு பாறை அழுத்தம் தாங்காம வெடிக்கும், அதுல போன உசுரு எத்தனையோ. 2001-ல மூடிட்டாங்க. தாத்தா சொல்வார், "நரகத்தைப் பத்தி எனக்கு யாரும் சொல்ல வேணாம்டா, எட்டு மணி நேர ஷிஃப்டு பார்த்திருக்கேன்."

அதனால பூமிக்குள்ள நெருப்புன்னு சொன்னவன் வெறும் கற்பனையில சொல்லல.

#7 | ஆன்மீகத் தென்றல்

சகோதரரே மிகச் சரி. ரஷ்யாவில் விஞ்ஞானிகள் பூமியை 12 கிலோமீட்டர் துளையிட்டு மைக்கை இறக்கியபோது லட்சக்கணக்கான ஆன்மாக்கள் அலறும் சத்தம் பதிவானது. பயந்துபோய் துளையை மூடிவிட்டார்கள். ஆடியோ இருக்கிறது, வேண்டுவோர் தனிமடலில் கேட்கவும்.

#8 | மலர்விழி

தென்றல், அந்த ஆடியோ எல்லா வாட்ஸாப் குழுவுலயும் சுத்துது. துளை நிஜம்தான். கோலா தீபகற்பத்துல 1970-ல தொடங்கி 12,262 மீட்டர் வரைக்கும் போனாங்க. நிறுத்தினதுக்குக் காரணம் சூடு. 100 டிகிரி இருக்கும்னு எதிர்பார்த்த இடத்துல 180 இருந்துச்சு, பாறை இளகி துளை நிக்கல. அலறல் சத்தம் ஒரு பழைய திகில் படத்தோட ஒலித்தடத்துலருந்து எடுத்து வேலை பார்த்தது.

பேரன், உங்க தாத்தா பேச்சுக்கு நான் எதிர்ப்பேச்சு பேசல. ஆனா அந்தக் காலத்துல யாரும் 3 கிலோமீட்டர் தோண்டல. பூனை சொன்ன கீழுலகத்துல நெருப்பே இல்ல பாருங்க, புழுதியும் இருட்டும்தான். வடக்கு ஐரோப்பாவுல ஹெல்னு சொன்ன இடம் குளிரும் மூடுபனியும். குளிர்ல சாகறவனுக்குக் குளிர்தானே பயம்.

#9 | ரீட்டா டீச்சர்

நெருப்புக்கு என்னிடம் ஒரு முகவரி இருக்கிறது. எருசலேமுக்குத் தெற்கே இன்னோம் பள்ளத்தாக்கு. அங்கே பிள்ளைகளை நெருப்பில் பலி கொடுத்தார்கள் என்றும், யோசியா அரசர் அந்த இடத்தைத் தீட்டாக்கி ஒழித்தார் என்றும் இராஜாக்கள் புத்தகத்தில் இருக்கிறது. கெஹன்னா என்ற பெயர் அந்தப் பள்ளத்தாக்கின் பெயர்தான். ஊருக்கு வெளியே நடந்தே போய்ப் பார்க்கக்கூடிய ஒரு பள்ளம் நரகத்துக்குப் பெயரானது. எரிமலை உள்ள ஊர்க்காரர்களுக்குப் பள்ளத்தாக்கும் தேவைப்படவில்லை. இடைக்காலத்தில் ஐஸ்லாந்தின் ஹெக்லாவை நரகத்தின் வாசல் என்றே சொன்னார்கள்.

இன்னொன்று. எங்கள் விசுவாச அறிக்கையில் இயேசு 'பாதாளத்தில் இறங்கி' என்று சொல்கிறோம். சிறு வயதில் அவர் ஏன் நரகத்துக்குப் போனார் என்று குழம்பியிருக்கிறேன். பூனை சொன்ன பழைய ஷியோல்தான் அது. நீதிமான்களும் அங்கேதான் காத்திருந்தார்கள், அவர்களை அழைத்து வரத்தான் இறங்கினார் என்பது விளக்கம்.

மேலே கீழே என்பதைத் திருச்சபையே இப்போது அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. 1999 ஜூலையில் போப் இரண்டாம் யோவான் பவுல் தொடர்ந்து பேசியபோது, சொர்க்கம் மேகங்களுக்குள் இருக்கும் இடமல்ல என்றார். அடுத்த வாரம், நரகம் ஓர் இடம் என்பதைவிட கடவுளை விட்டு விலகிய நிலை என்றார். ஞாயிறு மறைக்கல்வியில் இதைச் சொன்னால் பிள்ளைகள் ஏமாந்து போகிறார்கள். அவர்களுக்கு எண்ணெய்ச் சட்டி வேண்டும்.

#10 | சுடலை பேரன்

எல்லாரும் செத்தவன் எங்கயோ போறாம்னே பேசுதிய. எங்க பக்கம் எங்கயும் போறதில்ல, இங்கனதான் கெடக்கான்.

சுடலைமாடன் கதையை வில்லுப்பாட்டுல கேட்டுப் பாருங்க. கைலாயத்துல பார்வதிக்கு விளக்குச் சுடர்லருந்து பொறந்த பிள்ளை. ராத்திரி எந்திரிச்சிப் போயி சுடுகாட்டுப் பொணத்தைத் தின்னுட்டு வந்துட்டாரு. கைலாயத்துல வச்சிருக்க முடியுமா? பூலோகத்துக்கு அனுப்பிட்டாவ. மேல இருந்து கீழ வந்த சாமி, அதுக்காக யாரும் அவரைக் கொறச்சு நினைக்கதில்ல. கொடையில வந்து நில்லுங்க, தெரியும்.

அது போவ, கல்யாணம் ஆவாம செத்த பிள்ள வீட்டுல கன்னியா இருக்கா. ஓலப்பெட்டியில புதுப் பாவாடை சட்டை, வளவி, சாந்து வச்சி மச்சுல தூக்கி வச்சிருப்போம். வருசத்துக்கு ஒருக்கா எறக்கிப் படைப்போம். இவ சொர்க்கத்துல இருக்காளா நரகத்துல இருக்காளா? மச்சுல இருக்கா. இந்த மேல் மாடி, கீழ் மாடி எல்லாம் புத்தகம் வச்சிருக்கவன் பண்ணின வேலை.

#11 | காயல் கடலோரம்

சுடலை பேரன் சொன்னதுல பாதி எங்களுக்கும் பொருந்தும். எங்க நம்பிக்கைப்படி இப்ப யாரும் சொர்க்கத்துக்கோ நரகத்துக்கோ போய் உட்காரல. மவுத்தான பிறகு கியாமத் நாள், அதாவது உலக முடிவு நாள், வரைக்கும் பர்ஸக்ங்கற இடைப்பட்ட நிலை. அதுக்கப்புறம்தான் விசாரணை. பிறகு நரகத்துக்கு மேல போட்ட பாலம், மயிரைவிட மெல்லிசு, வாளைவிடக் கூர்மைன்னு பெரியவங்க சொல்வாங்க. நல்லவங்க கடந்துடுவாங்க, மத்தவங்க கீழ. வானம் ஏழுன்னு குர்ஆன்ல இருக்கு, நரகத்துக்கு ஏழு வாசல்.

#12 | நூலகத்துப் பூனை

கடலோரம் சொன்ன பாலம் பழைய பாரசீகத்து ஜரதுஷ்டிர மதத்திலும் உண்டு. சின்வத் பாலம். நல்லவன் கால் வைத்தால் அகலமாகும், கெட்டவன் வைத்தால் கத்தி முனையாகிக் கீழே தள்ளும். அவர்கள் பிணத்தைப் புதைப்பதுமில்லை, எரிப்பதுமில்லை; பிணந்தின்னிக் கழுகுக்குப் போட்டவர்கள். ஆகவே 'புதைக்கிறவனுக்குக் கீழுலகம், எரிக்கிறவனுக்குப் புகை போகும் மேலுலகம்' என்ற பழைய விளக்கம் முழுசாக நிற்காது.

இப்போது நல்லூரானுக்கு. இது கொஞ்சம் நீளும்.

எமன் முதலில் கீழே இல்லை. ரிக் வேதத்தில் அவன்தான் செத்துப்போன முதல் மனிதன், வழி கண்டுபிடித்தவன். அவனுடைய இடம் உச்சி வானத்தில், வற்றாத ஒளி இருக்கும் இடத்தில் (ஒன்பதாம் மண்டலம், 113). அங்கே போக வேண்டும் என்று பாட்டுக்காரர் ஏங்குகிறார். எமலோகம் போக ஆசைப்பட்ட காலம் ஒன்று இருந்திருக்கிறது! கெட்டவனுக்கு அதே வேதத்தில் பிடிமானமில்லாத இருட்டுக் குழி, ஏழாம் மண்டலத்தில். அதில் எமனுக்கு வேலையே இல்லை. வேதப் பாடல்களை அடுத்து வந்த 'பிராமணம்' என்ற சடங்கு நூல்களில் தெற்கு முன்னோர்களின் திசையாகிறது. சாந்தோக்கிய உபநிடதத்தில் புகை, இரவு, தேய்பிறை, சூரியன் தெற்கே போகும் ஆறு மாதம் என்று முன்னோர் வழி போகிறது. ஆனால் போய்ச் சேருவது சந்திரனில், மேலேதான். புராணங்களுக்கு வரும்போது எமன் தெற்கே, நரகங்களின் நீதிபதி. பாகவதம் 28 நரகங்களைப் பட்டியல் போட்டு, தெற்கே, பூமிக்குக் கீழே, அடித்தண்ணீருக்குச் சற்று மேலே என்று இடம் சொல்கிறது. தெற்கும் கீழும் அங்கே ஒன்றாகிவிட்டது.

தமிழ்ப் பக்கம் எனக்கு அதைவிடச் சுவாரசியம் புறநானூறு 93. அதியமானைப் பாடும்போது ஔவையார் ஒரு வழக்கத்தைச் சொல்கிறார். போரில் சாகாமல் நோயில் செத்த அரசர்களைத் தருப்பைப் புல்லில் கிடத்தி, 'நீள்கழல் மறவர் செல்வுழிச் செல்க' என்று வாளால் கீறிப் புதைப்பார்களாம். காயம் இருந்தால்தான் அனுமதி. அதாவது மேலுலகக் கதவு முதலில் திறந்தது நல்லவனுக்கு இல்லை, வெட்டுப்பட்டவனுக்கு. எகிப்தின் பிரமிடு வாசகங்களில் மறையாத வட நட்சத்திரங்களுக்கு ஏறிப்போகிறவர் அரசர். வடக்கு ஐரோப்பாவில் ஓடின் என்ற கடவுளின் மண்டபத்துக்குப் போகிறவன் போரில் விழுந்தவன். மூன்று அடுக்கு நடுகல் பார்த்திருப்பீர்கள்: அடியில் சண்டை, நடுவில் தேவமகளிர் தூக்கிப் போகிறார்கள், மேலே லிங்கத்தின் முன் கைகூப்பி உட்கார்ந்திருக்கிறான். கீழிருந்து மேலே படிக்க வேண்டும். அதில் அவன் நல்லவனா என்று எங்கும் எழுதியிருக்காது.

குறளில் பாருங்கள், வாளும் இல்லை தருப்பையும் இல்லை. 'வையத்துள் வாழ்வாங்கு வாழ்பவன் வான்உறையும் தெய்வத்துள் வைக்கப் படும்.' குடும்பம் நடத்தினவனுக்கே வானத்தில் இடம். அடங்காதவனுக்கு ஆரிருள். இந்த மாற்றம்தான் என் கண்ணில் பெரிய விஷயம். திசை அல்ல, யாருக்குச் சீட்டு என்பது.

#13 | நல்லூரான்

வாளால கீறிப் புதைக்கிறது! இதைப் பள்ளிக்கூடத்தில ஒருத்தரும் சொல்லித் தரேல்லை. நன்றி பூனையார்.

#14 | அருகன் வழி

திண்டிவனம் பக்கத்துச் சமணன் நான். 'மேலே' என்பதற்கு எங்களிடம் ஒரு காரணம் உண்டு, யாரும் தொடாததால் எழுதுகிறேன்.

உயிரின் இயல்பே மேலே போவது. வினை ஒட்டிக்கொண்டிருப்பதால் கனத்துக் கிடக்கிறது. எங்கள் நூலான தத்துவார்த்த சூத்திரத்தின் கடைசி அதிகாரத்தில் உவமை: சுரைக்காய்க்குடுக்கையில் மண்ணைப் பூசித் தண்ணீரில் போட்டால் மூழ்கும். மண் கரையக் கரைய எழும்பும். யாரும் தூக்கிவிட வேண்டியதில்லை. நெருப்புச் சுடரையும் அங்கேயே சொல்கிறார்கள். எல்லாம் கரைந்தால் உலகத்தின் உச்சி, விடுதலை பெற்ற உயிர்கள் இருக்கும் சித்தசிலை. கீழே ஏழு நரக பூமிகள், ஆறாவதும் ஏழாவதும் இருட்டு, பேரிருட்டு.

கவனியுங்கள், இங்கே தீர்ப்பு சொல்கிறவர் யாரும் இல்லை. எடைதான் தீர்ப்பு. தேவலோகமும் எங்களுக்கு முடிவு இல்லை, புண்ணியம் தீர்ந்தால் அங்கிருந்தும் இறங்க வேண்டியதுதான்.

#15 | தாமிரவருணியான்

அருகன் வழி, இதுதான் நான் தேடினது. மலர்விழி சொன்ன புவியீர்ப்பை அப்படியே தத்துவம் ஆக்கிட்டாங்க.

ஒரு துணைக்கேள்வி. பாதாளம்னா நரகமா? மகாபலி சுதலம்ங்கற கீழுலகத்துல சௌக்கியமா இருக்கார்னு சொல்றாங்களே.

#16 | நூலகத்துப் பூனை

இல்லை, ரெண்டும் வேறு. அதலம் முதல் பாதாளம் வரை ஏழு கீழுலகம், நாகரும் அசுரரும் வாழும் செழிப்பான ஊர்கள். விஷ்ணு புராணத்தில் நாரதர் அங்கே போய் வந்து, இந்திரலோகத்தைவிட அழகு என்று தேவர்களிடமே சொல்கிறார். மணிகளின் வெளிச்சம், நல்ல சாப்பாடு, பாட்டு. கீழே என்றால் கெட்டது என்று எல்லாரும் ஒத்துக்கொள்ளவில்லை என்பதற்கு இது போதும். சொர்க்கத்தைப் பக்கவாட்டில் வைத்தவர்களும் உண்டு: அமிதாப புத்தரின் சுகாவதி மேற்கே, ஒக்கினாவா மக்களின் நிராய் கனாய் கடலுக்கு அப்பால்.

#17 | கொங்கு மச்சான்

எல்லாம் சரிங்க. பூமி உருண்டைன்னு தெரிஞ்ச பொறவு மேல எது, கீழ எது? அமெரிக்காக்காரன் மேல கை காட்டினா அது நமக்குக் கீழ. ரஷ்ய விண்வெளி வீரர் ககாரின் 1961-ல மேல போய்ப் பார்த்துட்டு கடவுளைக் காணோம்னாரே, அத்தோட முடிஞ்சுதுல்ல?

#18 | மலர்விழி

விண்கலத்துலருந்து ககாரின் பேசின பதிவுல அப்படி ஒரு வரி கிடையாது மச்சான். அவர் வாயில யாரோ வச்சது.

உருண்டைப் பிரச்சினை பழசு. இத்தாலியக் கவிஞர் தாந்தே 14-ஆம் நூற்றாண்டுல தன்னோட காவியத்துல நரகத்தைப் பூமியோட நடு மையம் வரைக்கும் கொண்டுபோனார். அடிமட்டத்துல சாத்தான், நெருப்புல இல்ல, பனிக்கட்டியில உறைஞ்சு. அவன் உடம்பைப் பிடிச்சு இறங்கும்போது இடுப்புக்கிட்ட வழிகாட்டி தலைகீழாத் திரும்பி ஏற ஆரம்பிக்கிறார், தாந்தே மறுபடி நரகத்துக்கே போறோமோன்னு பதறுறார். மையத்தைத் தாண்டினா கீழ்ங்கறது மேல் ஆயிடுங்கறதை அவர் கணக்குல எடுத்துட்டார்.

#19 | நூலகத்துப் பூனை

தாந்தேக்கு எட்டு நூற்றாண்டு முன்னாடியே நம் ஆள் ஒருவர் இதில் கை வைத்திருக்கிறார். ஆரியபடர், 499-ல். ஆரியபடீயம் என்ற வானியல் நூலின் கோளபாதப் பகுதியில் பூமி உருண்டை என்று சொல்லிவிட்டு, சொர்க்கத்தையும் மேருவையும் நிலத்தின் நடுவில், வடதுருவத்தில் வைக்கிறார். நரகத்தையும் வடவாமுகம் என்ற கடலடி நெருப்பையும் நீரின் நடுவில், தென்துருவத்தில். அடுத்து சொல்வதுதான் விசேஷம்: அமரர்களும் நரகத்தில் இருப்பவர்களும் எதிர்த் தரப்பு தங்களுக்குக் கீழே இருப்பதாகவே எப்போதும் நினைக்கிறார்கள் என்கிறார். நல்லூரானின் வடக்கு–தெற்கும், தாமிரவருணியானின் மேல்–கீழும் ஒரே சுலோகத்தில்.

#20 | கொங்கு மச்சான்

நரகத்துல இருக்கறவன் சொர்க்கத்தைக் குனிஞ்சு பார்க்கறானா! எங்க ஊர்ப் பஞ்சாயத்து எலெக்‌ஷன் மாதிரியே இருக்குதுங்க.

#21 | மலர்விழி

பூனை, அந்த சுலோகத்துக்கு நல்ல உரை எது?

#22 | நூலகத்துப் பூனை

கேரளத்துக்காரர்கள் இருவர் எழுதியிருக்கிறார்கள், பரமேஸ்வரரும் நீலகண்ட சோமயாஜியும். பரமேஸ்வரர் சுருக்கம். நீலகண்டர் விரிவு, நேரம் இருந்தால் அதைப் பிடியுங்கள்.